சாவி கைக்கு வந்ததும் பறக்காதீங்க!

"சென்னையிலேயே வண்டி ஓட்டியாச்சு. இனி உலகத்தில் எங்கே ஓட்டினால் என்ன?"

வெளிநாட்டுச் சுற்றுலா கிளம்பும் நம்ம ஊர்க்காரர்கள் பலர் இப்படி மார் தட்டுகிறார்கள். நானும் தட்டியவன்தான்!

ஒரு ஜூன் மாதம் நானும் என் மச்சினனும் ஐஸ்லாந்து போனோம். நாட்டைச் சுற்றி ஒரே வளையமாக 1-ம் நம்பர் சாலை ஓடுகிறது. சுமார் 1,300 கிலோ மீட்டர். 1974-ல்தான் கடைசிப் பாலத்தைக் கட்டி வளையத்தை முடித்தார்கள். அங்கே ரெயில் கிடையாது. அதனால் வருகிறவர்களில் பலர் கெப்லவிக் விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்துவிடுகிறார்கள்.

நாங்களும் எடுத்தோம். இறங்கிய ஒரு மணி நேரத்தில்!

தப்பு அங்கேதான் ஆரம்பம்.

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. மாறி மாறிப் போய் இறங்கும்போது உடம்பு நொந்து போயிருக்கும். அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 6 மணி என்றால் நம் உடம்புக்கு ராத்திரி பதினொன்றரை. ஜூனில் நள்ளிரவிலும் வெளிச்சம் போகாது. கண் ஏமாறும். தூக்கம் ஏமாறுமா?

வலது பக்கம்!

அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். போவது வலது பக்கம். (அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல இடது பக்கம் போனவர்கள்தான். 1968-ம் ஆண்டு மே 26-ந் தேதி நாடு முழுக்க ஒரே நாளில் மாற்றினார்கள்.)

காரைக் கிளப்பினேன். திரும்ப சிக்னல் போட்டால் வைப்பர் ஆடுகிறது! அந்தக் காரில் இண்டிகேட்டர் இடது கைப் பக்கம். வைப்பரை நிறுத்தும் அவசரத்தில், பழக்க தோஷம், இடது பக்கமாகவே ரோட்டில் ஏறிவிட்டேன்.

எதிரே லாரி!

"மாமா! அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!" என்று மச்சினன் அலறினான். லாரிக்காரர் பிரேக் போட்டார். பிழைத்தோம்.

நெரிசலில் இந்தத் தப்பு சீக்கிரம் வராது. முன்னால் போகிற வண்டி வழி காட்டிவிடும். காலி ரோட்டில்தான் கை பழைய பக்கம் போகும். ஊரைத் தாண்டினால் ஐஸ்லாந்தில் பெரும்பாலும் காலி ரோடுதான்!

இன்னும் கேளுங்கள். இரண்டு வரிசை ரவுண்டானாவில் உள் வரிசை வண்டிக்குத்தான் முதல் உரிமை. வெளி வரிசைக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்கள் பிரதான சாலையிலேயே உண்டு. ஊருக்கு வெளியே தார் ரோட்டில் வேகம் 90. தார் முடிந்து ஜல்லி ரோடு வந்தால் 80. அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்காதவன் சறுக்குவான். காற்று இருக்கிறதே, அது கார்க் கதவைப் பிய்த்துவிடும்! அந்தச் சேதத்துக்குப் பல இன்சூரன்சில் பணம் வராது.

இத்தனையும் தூங்கி விழும் மண்டையில் ஏறுமா?

கார் கொடுக்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. லைசென்ஸ் கேட்டார்கள். கார்டு கேட்டார்கள். கையெழுத்து மேல் கையெழுத்து வாங்கினார்கள். "இதற்கு முன் வலது பக்கம் ஓட்டியிருக்கிறீர்களா? தூங்கினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வியாபாரம் கெட்டுவிடுமாம்!

நம்ம ஆர்.டி.ஓ. ஆபீசில் வாங்கும் சர்வதேச பர்மிட் ஒரு வருஷத்துக்குச் செல்லும். அது காகிதம். கைக்குப் பழக்கம் தராது.

விமான நிலையத்திலிருந்து தலைநகர் ரெய்க்யவிக் சுமார் 50 கிலோ மீட்டர். பஸ் ஓடுகிறது. அதில் போய்ப் படுங்கள். காரை மறுநாள் எடுங்கள். "ஒரு நாள் வீணாகுமே" என்பார்கள். எப்படியும் ராத்திரி எங்கேயாவது படுக்கத்தானே வேண்டும்? காலையில் காரை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். நிறுத்துமிடத்திலேயே அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓட்டுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால்தான் என்ன?

நாங்கள் அன்றைக்கே காரைத் திருப்பி நிறுத்திவிட்டு பஸ் ஏறினோம். மறுநாள் காலை வந்து எடுத்தோம். மச்சினன் ஒரு காகிதத்தில் "வலது" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினான்.

காரைத் திருப்பிக் கொடுக்கும் வரை அதை நான் கிழிக்கவில்லை.