ஆர்.எக்ஸ் 100 வாங்கியாச்சு... ஃபோர்க்ல என்ன ஆயில் இருக்குன்னு பார்த்தீங்களா?

1996-ல் உற்பத்தி நின்றுபோன ஒரு 100 சிசி பைக்குக்கு, புது பைக் விலையைத் தாராளமாகச் சொல்கிறார்கள். நல்ல கண்டிஷனில் ஆர்.எக்ஸ் 100 இருந்தால் பேரம்கூடப் பேச முடியாது. எஸ்டிக்கும் காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கும் இதே கதைதான். வாங்கின கையோடு பெயின்ட், குரோம், சீட் கவர் என்று ரீல்ஸுக்கு ரெடி பண்றோம். இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து, `கார்புரேட்டர் தாங்குமா, ரப்பர் பார்ட்ஸ் போயிடுமா?’ என்று டீக்கடை வரைக்கும் விவாதம். நியாயமான கவலைதான். ஆனால், வண்டியை நேராக நிறுத்தவேண்டிய முன் ஃபோர்க்குக்குள் 20 வருஷமாக என்ன ஊறிக்கொண்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஃபோர்க்குக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் ஆயில். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஆயில். இன்றைய விலை உயர்ந்த பைக்குகள் சிலவற்றில் ஸ்க்ரூவைத் திருகியே இந்த அடக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பழைய வண்டியில் அந்த வசதி கிடையாது. உள்ளே ஒரு ராடு, அதில் சில ஓட்டைகள். அந்த ஓட்டை வழியாக ஆயில் எவ்வளவு வேகமாகப் போகிறதோ, அதுதான் சஸ்பென்ஷன். ஓட்டையை மாற்ற முடியாது. ஆயிலின் கெட்டித்தன்மையை மாற்றலாம்.

ஆயில் ரொம்ப நீர்த்துப்போயிருந்தால் பிரேக் பிடித்ததும் முன்பக்கம் `டபக்’கென்று குனியும், பள்ளத்தில் இறங்கி ஏறினால் ரெண்டு தடவை கூடுதலாக ஆடும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் இன்னும் மோசம். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர் ஒன்று திடீரென வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்துக்கு ஆயிலால் ஓட்டைக்குள் நுழைய முடியாது. ஃபோர்க் விறைத்துக்கொள்ளும், அடி நேராக மணிக்கட்டுக்கு வரும், டயர் ஒரு நொடி ரோட்டை விட்டுக் கிளம்பும். டிரம் பிரேக் வண்டியில், அதுவும் ஈர ரோட்டில், அந்த ஒரு நொடி ரொம்பப் பெருசு.

அப்போ எந்த ஆயில்? `10டபிள்யூ வாங்குங்க’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் சிக்கலே அந்த நம்பரில்தான். இன்ஜின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் எஸ்.ஏ.இ அமைப்பு வகுத்த கெட்டித்தன்மை அளவுகோல் உண்டு. ஃபோர்க் ஆயிலுக்கென்று அப்படி எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் 10டபிள்யூ, இன்னொரு கம்பெனியின் 15டபிள்யூவுக்குப் பக்கத்தில் இருக்கலாம். நம்பவேண்டிய எண் வேறு: 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்பது. பாட்டிலில் இல்லாவிட்டாலும் கம்பெனி வெளியிடும் டேட்டா ஷீட்டில் இருக்கும். மொபைலில் ஒரு நிமிஷ வேலை. 10டபிள்யூ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 30 சொச்சத்தில் இருக்கும். நம்ம ஊர் மே மாத வெயிலுக்கு அந்த 40 டிகிரி கணக்கு ரொம்பவே பொருத்தம்!

இந்த எண் தெரிந்தால் ஒரு பழைய பழக்கத்தின் ஆபத்தும் புரியும். சில வொர்க்‌ஷாப்களில், சர்வீஸில் மிச்சமான 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலையே ஃபோர்க்கில் ஊற்றிவிடுவார்கள். `ஃபோர்க் ஆயில்லயும் 20டபிள்யூ இருக்கே, ரெண்டும் ஒண்ணுதானே?’ என்று தோன்றும். இல்லவே இல்லை. அந்த இன்ஜின் ஆயில் 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்ஸை எளிதாகத் தாண்டும். ஃபோர்க்குக்கு அது கிட்டத்தட்ட பாகு.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. 1950, 60-களின் பிரிட்டிஷ் பைக் மேனுவல்களே இன்ஜின் ஆயிலைத்தான் ஃபோர்க்குக்குச் சொல்லின. ஆனால் அவை சொன்னது எஸ்.ஏ.இ 20 மாதிரி மெல்லிய ஒற்றை கிரேடு. 70-களில் ஹோண்டா, ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பாக்ஸுக்கான ஏ.டி.எஃப்-ஐயே சில மாடல்களுக்குப் பரிந்துரைத்தது. அதுவும் 40 டிகிரியில் 30 சொச்சம்தான், ஏறக்குறைய 10டபிள்யூ. ஆக, உங்க வண்டியின் மேனுவலைத் தேடிப்பிடியுங்கள். பெரும்பாலான மாடல்களுக்கு பி.டி.எஃப் கிடைக்கிறது. அதில் சொன்ன கிரேடின் சென்டிஸ்டோக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிற இன்றைய ஃபோர்க் ஆயிலை எடுங்கள். ஓட்டிப்பார்த்து ரொம்பக் குனிந்தால் ஒரு படி கெட்டி. நடுவில் ஏதாவது வேண்டுமா? ஒரே பிராண்டின் 10-ஐயும் 15-ஐயும் கலந்துகொள்ளலாம்.

நீங்க ஏறி உட்கார்ந்ததுமே வண்டி பாதி இறங்கிவிட்டால், அது ஆயில் பிரச்னை இல்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதேபோல, ஆயில் லீக் ஆகிறது என்று கெட்டி ஆயில் ஊற்றுவதும் வீண். சீல் போயிருக்கும், அல்லது ஃபோர்க் பைப்பில் துருப் புள்ளிகள் சீலைக் கிழித்துக்கொண்டிருக்கும். சீல் கிழித்த ஆயில் வழிந்து பிரேக் டிரம்முக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

அளவு விஷயத்தில் `கண்ணளவு’ வேண்டாம். ஆயிலுக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறைந்து, ஃபோர்க் கடைசி இன்ச்சில் கல் மாதிரி ஆகும். மேனுவலில் உள்ள மில்லியை அளவுக்குவளையில் அளந்து, ரெண்டு பக்கமும் சமமாக ஊற்றச் சொல்லுங்கள். பழைய ஆயிலை வடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. பால் ஊற்றின டீ மாதிரி வந்தால் மழைத்தண்ணி இறங்கியிருக்கிறது. அப்படியானால் புது ஆயிலோடு புது சீல், டஸ்ட் கவர் ரெண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு போங்கள்.