பூவரசம் பூவும் போர்வீரனும்

புத்தளத்தை அடுத்த பாலாவியில் விமானத்தளம் ஒன்று உண்டு. இரண்டாவது உலகப் பெரும்போரின் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு அதனை நடத்தியது. ராஜாளிப் பறவையின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தனர். சேற்றிற் புதைந்த போர்விமானங்களை யானைகள் கட்டியிழுத்த காட்சியை அக்காலத்து ஒளிப்படங்களில் இன்றும் காணலாம்.

போர் முடிந்ததும் விமானங்கள் போயின, படையினரும் போயினர். ஆனால், போருக்குச் சென்று மீண்ட மனிதனைப் போர் எளிதில் விட்டுப் போவதில்லை. இழந்த காலும், மங்கிய கண்ணும், இரவிற் கெட்ட உறக்கமும் அவனோடு வீடு வந்து சேர்கின்றன. வரவேற்பு மேளம் ஒரு நாளில் ஓய்ந்துவிடும். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அவனுக்குத் துணையிருப்பவர் யார்?

இவ்வினாவுக்கு விடை கூறுவோர் தொண்டர்களே. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டிலேயே முன்னாட் படையினரின் ஆஸ்பத்திரிகளில் தொண்டர் சேவை முறையாக அமைக்கப்பட்டது. அத்தகையோரைத் தெரிந்து தேசிய விருதளித்துப் போற்றுவதும் அந்நாட்டு வழக்கம். அங்கே தொண்டு புரியும் மாணவருக்கெனத் தனியே கல்விக்கொடையும் வழங்கப்பட்டு வந்துள்ளது. போர் புரிந்தவனுக்குப் பதக்கம் அளித்தல் பழைய மரபு. அவன் புண்ணுக்கு மருந்திட்டவனுக்கும் பதக்கம் அளித்தல் புதிய மரபு. இரண்டாவதே அரிது.

நம் நாட்டிலும் இதனையொத்த வரலாறு ஒன்று உண்டு. அது மலரோடு தொடர்புடையது. முதலாவது உலகப் பெரும்போர் 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் ஓய்ந்தது. அந்நினைவு நாளில் பொப்பி மலர் விற்றுப் படையினருக்கு நிதி திரட்டும் வழக்கம் இலங்கைக்கும் வந்தது. ஆனால், இங்கே திரண்ட பணம் பிரித்தானியப் படையினரின் நலனுக்கே சென்றதென்றும், இந்நாட்டு முன்னாட் படையினர் புறக்கணிக்கப்பட்டனரென்றும் மனக்குறை எழுந்தது. 1931ஆம் ஆண்டில் ஏலியன் பெரேரா என்பவர் அதே நாளில் வேறொரு மலரை விற்கத் தொடங்கினார். வறுமையுற்ற இலங்கைப் படையினருக்கு உதவுவதே அவர் நோக்கம். அம்மலர் எது? சிங்களத்தில் ‘சூரிய மல்’. நம் வேலியோரங்களிற் பூக்கும் பூவரசம் பூவேதான்!

1933ஆம் ஆண்டில் வாலிப சங்கத்தார் அவ்வியக்கத்தைப் போருக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் எதிரான இயக்கமாக மாற்றினர். இங்கிலாந்திற் பிறந்து இந்நாட்டுக்கு வந்த டொரீன் யங் அம்மையார் அதன் தலைவரானார். பூவரசம் பூவை வாங்கியோர் பெரும்பாலும் ஏழைகளே. சேர்ந்த பணமும் சிறிதே. எனினும், 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது அவ்வியக்கத்தார் கிராமங்களுக்குச் சென்று பணியாற்றினர்.

ஒரே பூ, முதலிற் படையினனுக்கு உதவியது. பின்னர் போரையே மறுத்தது. இவை முரணாகத் தோன்றலாம். முரண் அன்று என்பதே எம் கருத்து. போரை வெறுத்தல் வேறு. போரினால் ஊனமுற்றவனை வெறுத்தல் வேறு. முன்னது அறம், பின்னது கொடுமை.

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற நம் நாட்டுப் போரின் பின் இவ்வேற்றுமையை நாம் மறத்தலாகாது. காயமுற்ற அரச படையினருக்கும் உயிர்நீத்தோர் குடும்பத்தாருக்கும் உதவ 1999ஆம் ஆண்டிலேயே சட்டத்தின் மூலம் ஓர் அதிகாரசபை நிறுவப்பட்டது. ஆயினும், கை கால் இழந்தோர் இரு பக்கத்திலும் உளர். பிள்ளையை இழந்த தாய்மாரும் இரு பக்கத்திலும் உளர். சட்டத்தின் கை எட்டாத இடத்துக்கு அயலவன் கை எட்டுதல் வேண்டும். நம் புத்தளக் கரைக்கு இது புதிய பாடமுமன்று. 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கியபோது, தென்னந்தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் இடம் கொடுத்தது இக்கரை. அன்று சோறு சமைத்துக் கொடுத்தவர்கள் விருதை எண்ணியா அடுப்பு மூட்டினார்கள்?

அப்படியாயின் விருது எதற்கு என்று வினவலாம். தொண்டனுக்கு அது தேவையில்லை, நமக்குத் தேவை. ஓசையின்றி நடக்கும் நற்பணி ஊரின் கண்ணிற் படவும், இளையோர் அவ்வழியே செல்லவும் விருது விளக்காகின்றது. ஆனால், அவ்விளக்கு மேடையிலே பேசியவன்மேல் விழாமல், ஆஸ்பத்திரி வரிசையில் முதியவனுக்காகக் காத்து நின்றவன்மேல் விழுதல் வேண்டும். திரட்டிய பணம் உரியவன் கையை அடைந்ததா என்று 1931இல் எழுந்த வினாவையே, விருது கொடுப்போரும் முதலிற் கேட்டறிதல் வேண்டும்.

மாணவர்களே, உங்கள் தெருவில் அத்தகைய ஒருவர் இருப்பின், அவர் எந்தப் பக்கம் நின்றவர் என்று கேளாதீர்கள். அவருக்கு வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். ஓய்வூதியப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். சற்று நேரம் அருகிருந்து அவர் பேசுவதைக் கேளுங்கள். பூவரசம் பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது சிவந்து உதிர்கின்றது. அதனைப் பறித்துச் சூடுவார் அரியர். ஆயினும், மறுநாட் காலையில் வேலியிற் புதுப்பூ இருக்கின்றது.