காய்ச்சலும் கடைசிப் படகும்

சூலகப் புற்றுநோய் என்று தெரிந்த வீட்டில் உறவினர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கரண்ட் பிடிக்கேல்லையோ?" கதிர் சிகிச்சைக்கு ஊரில் அதுதான் பெயர். கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்த அயல்வீட்டுப் பெண்ணுக்கு மருந்தும் கரண்டும் சேர்த்துக் கொடுத்தார்களே, இவளுக்கு ஏன் இல்லை என்ற மனக்குறை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அது குறைத்துக் கொடுத்த வைத்தியம் அல்ல. கருப்பை வாய்க் கட்டி பெரும்பாலும் இடுப்புக்குள் நின்றுகொள்ளும். சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் கதிரையும் ஒன்றாகக் கொடுத்தால் பலன் கூடும் என்பதை 1999இல் வெளியான ஆய்வுகள் காட்டின. சூலகப் புற்றோ விதை தூவியதுபோல வயிற்றறை எங்கும் பரவும். அவ்வளவு இடத்துக்கும் கதிர் பாய்ச்சினால் குடலும் ஈரலும் சிறுநீரகமும் தாங்கமாட்டா. 1970களில் அதையும் செய்து பார்த்தார்கள். பிளாட்டினம் மருந்துகள் வந்தபின் அந்த வழி ஒதுங்கிப்போனது. இன்று சத்திரசிகிச்சையோடு கார்போபிளாட்டின், பக்லிடாக்செல் என்ற இரு கீமோ மருந்துகள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆறு தடவை. திரும்பி வந்த கட்டி ஓரிடத்தில் நோவோ இரத்தப்போக்கோ தந்தால் கதிர் கைகொடுக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுப் பெண்ணுக்கு இந்த வேறுபாடு பயணத்திலும் தெரியும். கதிர் என்றால் வாரத்தில் ஐந்து நாள், பல வாரம். தீவில் இருந்துகொண்டு போய்வர முடியாது. கீமோ என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு பயணம்: குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், பிறகு புங்குடுதீவும் வேலணையும் கடந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை.

ஆபத்து வீடு திரும்பிய பிறகுதான். கீமோவுக்குப் பிந்திய நாட்களில் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் ஓர் இரவுகூடக் காத்திருக்கக் கூடாது; நாளத்தில் நுண்ணுயிர்க்கொல்லி உடனே ஏறவேண்டும். பனடோல் போட்டுப் படுத்துவிட்டு, விடிந்ததும் படகைப் பார்ப்போம் என்பது உயிரை எடுக்கும். சோளகம் அடிக்கும் மாதங்களில் அந்தக் காலைப் படகும் நிச்சயமில்லை.

ஆகவே சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்கவேண்டியது கரண்ட் அல்ல. கீமோ எடுப்பவர்களின் பெயர்ப்பட்டியல் நெடுந்தீவு வைத்தியசாலையில் இருக்கட்டும். காய்ச்சல் வந்தால் நுண்ணுயிர்க்கொல்லியின் முதல் ஊசி அங்கேயே ஏறட்டும். இரவிலும் நோயாளியை ஏற்ற ஒரு படகு ஆயத்தமாக நிற்கட்டும். வீட்டுக்காரர் ஒரு வெப்பமானி வாங்கித் தலைமாட்டில் வையுங்கள்.