பூட்டின் சாவி யார் கையில்?



விடியுமுன் வைட்டிலாவில் பஸ் ஏறி ஏலூருக்கும் களமசேரிக்கும் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்கும் போகும் நம்மவர்களைக் கேட்கிறோம்: நீங்கள் கை வைக்கும் இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டிக்கும் கைப்பிடி எங்கே இருக்கிறது? அதைப் பூட்ட முடியுமா? சாவி யாரிடம்?

“ஸ்டாப் பட்டன் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?” என்கிறார் மேஸ்திரி. இதுதான் முதல் ஏமாற்று! பட்டனை அமுக்கினால் பேனலுக்குள் உள்ள கான்டாக்டர் விடுபடும், மோட்டார் நிற்கும், அவ்வளவே. கான்டாக்டர் வாசல் வரை 415 வோல்ட் வந்து காத்து நிற்கிறது. முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் பட்டனுக்கு மோட்டார் அடங்காது. பெல்ட்டுக்கடியில் ஒருவர் குனிந்திருப்பது தெரியாமல் மறுபக்கத்தில் இன்னொருவர் ஸ்டார்ட்டை அமுக்கினால் என்ன ஆகும்? கை போகும், உயிரும் போகும். பிறகு “தமிழன் கவனமில்லாமல் வேலை செய்தான்” என்று பேச்சு வரும். பூட்டு வாங்கித் தராதவரின் கவனக்குறைவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை!

நாம் சலுகை கேட்கவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவே சொன்னது: ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் அவசரத்தில் மின்விசையைத் துண்டிக்கும் சாதனம் வேண்டும். தற்செயலாக ‘ஆஃப்’ நிலையிலிருந்து ‘ஆன்’ நிலைக்கு நகரக்கூடியதாயின் அதைப் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும். எத்தனை பட்டறைகள் இதை மதித்தன?

2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலாகியுள்ளது. மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்பது பழைய கணக்கு. இருபது பேர் வேண்டும் என்பது புதிய கணக்கு. பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறை இனித் தொழிற்சாலையே அல்லவாம்! ஆள் குறைந்தால் மின்சாரத்தின் வேகமும் குறையுமா?

ஆனால் மின்சார விதிகளுக்கு இந்தத் தலைக்கணக்கு இல்லை. ஒவ்வொரு மோட்டாருக்கும் அருகிலேயே, பொறுப்பாளரின் கைக்கு எளிதில் எட்டும்படி, முழு மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்சோ பிரேக்கரோ வேண்டுமென்று 1956-ஆம் ஆண்டு விதிகளே வகுத்தன. மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் அந்தக் கடமையைத் தொடர்ந்தன. சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60204, இயந்திரத்தின் மெயின் துண்டிப்பான் ‘ஆஃப்’ நிலையில் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. கைப்பிடி தரையிலிருந்து 60 செ.மீ.-க்கும் 190 செ.மீ.-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 1989-இல் வந்த விதிப்படி, இயந்திரத்துக்குள் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் பூட்டைத் தாமே போட்டுத் தாமே எடுக்க வேண்டும்.

“நிறுத்திப் பூட்டினால் உற்பத்தி கெடும்” என்பார்கள். பூட்டுப் போட ஒரு நிமிடம் போதும். போன விரல் எந்த ஷிப்டில் திரும்பும்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு பேனலிலும் பூட்டத்தக்க மெயின் கைப்பிடி வேண்டும். சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ நுழையும் ஒவ்வொருவருக்கும் தனிப்பூட்டு வேண்டும். சாவி அவரவர் மடியில் இருக்கட்டும், மேஸ்திரியின் மேசையில் வேண்டாம். எச்சரிக்கைப் பலகை தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஒடிசா, அசாம் தோழருக்கும் உயிர் ஒன்றுதான். கைப்பிடி ‘ஆஃப்’ ஆனாலும் சுவிட்சின் மேல்முனையில் மின்சாரம் உண்டு. எனவே பேனல் கதவைத் திறக்கத் தகுதிபெற்ற எலக்ட்ரீஷியனே வர வேண்டும், நம்மை ஏவக்கூடாது.

மறுத்தால் தனியாக நின்று வாதாடாதீர்கள்; பத்துப் பேர் கையெழுத்திட்டு மின் ஆய்வுத் துறைக்கும், தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் துறைக்கும் எழுதுங்கள். தாய்மார்களே, வேலைக்குக் கிளம்பும் மகனிடம் “சாப்பாடு எடுத்தாயா?” என்பதோடு “பூட்டு எடுத்தாயா?” என்றும் கேளுங்கள்!