194-உம் 194*-உம் சமனா?

மார்கழி மழைக்கு கிரவுண்ட் வெள்ளமானால் எங்களுக்கு ட்ரம்ப் காட்ஸ்தான் கிரிக்கெட். உட்துறைமுக வீதிப் பக்கம் வளர்ந்த எங்கட பெட்ச்சில் அதை விளையாடாத ஆளே இல்லை. கேம்பஸுக்கு வந்த பிறகு அதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு எண்டு மறந்துபோனோம். போன மாதம் கரண்ட் போன ஒரு இரவில், ஒருத்தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கட்டை வெளியில் எடுத்தான். அரை மணித்தியாலத்தில் ரெண்டு பேர் கதைக்காமல் போய்ப் படுத்துவிட்டார்கள்.

சண்டை இதுதான். ஒருத்தன் கையில் சயீட் அன்வர், மற்றவன் கையில் சிம்பாப்வேயின் சார்ள்ஸ் கொவென்ட்ரி. கேட்டது ஹைஸ்கோர். அன்வர் 1997-இல் இந்தியாவுக்கு எதிராக அடித்தது 194. கொவென்ட்ரி 2009-இல் பங்களாதேசுக்கு எதிராக அடித்ததும் 194, ஆனால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. ஆட்டமிழக்கவில்லை. "நொட் அவுட்டெண்டா கூடத்தானே மச்சான்?" என்றான் ஒருத்தன். "ஓட்டம் ஓட்டம்தான், சமன்" என்றான் மற்றவன். கடைசியில் கட்டுக்குச் சொந்தக்காரன் தீர்ப்புச் சொன்னான். கொவென்ட்ரி அவன் கையில்தான் இருந்தது!

சின்ன வயதிலும் இதேதான் நடந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. போலிங் அவரேஜில் முரளிக்கு 23.08, வாஸுக்கு 27.53. கிரிக்கெட் தெரிந்தவருக்கு குறைந்த எண்தான் திறம். "பெரிய நம்பர் வெல்லும்" எண்டு மட்டும் படித்தால் வாஸ் வெல்லுவார். காட்டில் எல்லாமே இங்கிலீஷில் இருந்தது. யாருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமோ, அவனே நீதவான். வாசிக்கத் தெரியாத பொடியன் தோற்றதோடு "அளாப்பி" எண்ட பட்டத்தையும் வாங்கிக்கொண்டு போவான்.

உலகம் முழுக்க இதே தொல்லைதான். 1993-இல் வந்த மெஜிக் த கெதரிங் எண்ட காட் விளையாட்டைப் பரிசோதித்த காலத்தில், ஒரு காட்டில் "ஒப்போனன்ட் லூசஸ் நெக்ஸ்ட் டேர்ன்" எண்டு எழுதியிருந்தார்களாம். அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் நினைத்தது, எதிராளிக்கு அடுத்த முறை கிடையாது என்பதை. விளையாடியவர் வாசித்தது, எதிராளி அடுத்த முறையில் தோற்றுப்போவார் எண்டு. ரெண்டு வாசிப்பும் பிழை இல்லை, வசனம்தான் பிழை. பிறகு அந்த விளையாட்டுக்கு பெரிய விதிப் புத்தகமே வந்தது. காட்டில் உள்ளதும் பொது விதியும் முட்டினால் காட்டில் உள்ளதே செல்லும். ஒரு காட் "முடியும்" என்று, இன்னொன்று "முடியாது" என்று சொன்னால் "முடியாது" என்பதே செல்லும். இவை விளையாட முன்னமே எல்லோருக்கும் தெரியும்.

எங்கட ஆட்கள் விளையாடும் 304 இன்னும் கெட்டித்தனமானது. கட்டில் மொத்தம் 304 புள்ளி. ரெண்டு பக்கமும் 152 எடுத்தால்? பிரச்சினையே இல்லை. 160 கேட்டவர் 160 எடுத்தால் வெற்றி, 159 எடுத்தாலும் தோல்வி. கேள்வி கேட்கிற நேரமே சமன் வராதபடி கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

"விளையாட்டுத்தானே, ஏன் இவ்வளவு?" என்று கேட்பீர்கள். 2019 உலகக்கிண்ண இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241, சுப்பர் ஓவரிலும் ஆளுக்கு 15. பவுண்டரிகளை எண்ணி, 26-க்கு 17 எண்டு கிண்ணத்தை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். எங்கள் பார்வையில் அது அளாப்பல் இல்லை. விதி முதலே எழுதப்பட்டிருந்தது. ஆனால் எழுதிவைத்த விதியும் மோசமான விதியாக இருக்கலாம். அதே வருடம் ஐசிசி அதை மாற்றியது. இனி ஒருத்தர் வெல்லும்வரை சுப்பர் ஓவர். கொடுத்த கிண்ணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, அடுத்த ஆட்டத்துக்கு விதியைத் திருத்தினார்கள். அதுதான் முறை.

உள்ளூராட்சி சபைகளில் தவிசாளர் தெரிவு சமனானால் திருவுளச்சீட்டு எடுப்பதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது சிரிப்பு வரவில்லை. சீட்டுக்கு யாரையும் தெரியாது, அதற்குச் சொந்தக் கட்டும் கிடையாது.

இதைவிடப் பெரிய இடம் ஒன்று இருக்கிறது. இலங்கைச் சட்டங்களின் கடைசிப் பிரிவை வாசித்துப் பாருங்கள். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கி நிற்கும் என்று இருக்கும். ஏதோ ஒரு உரை மேலோங்கத்தான் வேண்டும் என்பது விளங்குகிறது, அதை முன்கூட்டியே எழுதிவைத்ததும் சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் வெல்லுமென்றால், மற்றப் பக்கத்தில் நிற்பவர் தன் கையிலுள்ள தாளை முழுதாக நம்ப முடியாது. தமிழில் சட்டம் வாசிக்கிற ஒருவர், அந்தப் பொடியனைப் போல, இன்னொருத்தர் வாசித்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதாகிறது. சிங்கள உரையைத் தள்ளிவையுங்கள் எண்டு நாங்கள் கேட்கவில்லை. முட்டுகிற இடம் தெரியவந்தால் அந்த வழக்கோடு விட்டுவிடாமல் வசனத்தையே திருத்துங்கள், மொழிபெயர்ப்பைக் கடைசி நேர வேலையாக்காதீர்கள் எண்டுதான் கேட்கிறோம்.

எல்லாச் சந்தேகத்தையும் முதலே எழுதிவைக்க ஏலாது, உண்மைதான். நட்சத்திரத்தை யார் யோசித்தார்கள்? ஆனால் யார் தீர்ப்பது, எப்படித் தீர்ப்பது என்பதை முதலே பேசலாம். தீர்ப்பால் லாபம் அடைகிறவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இன்று சொன்ன தீர்ப்பு நாளைக்கு எனக்கு எதிராகவும் செல்ல வேண்டும். ரெண்டுக்கும் வழி இல்லையென்றால், டொப் ட்ரம்ப்ஸ் விதியைப் போல, ரெண்டு காட்டையும் நடுவில் வையுங்கள். அடுத்த காட்டில் வெல்பவர் எல்லாவற்றையும் எடுக்கட்டும்.

அந்த ரெண்டு பேரும் அடுத்த நாள் பின்னேரம் கன்டீனில் தேத்தண்ணியோடு சமாதானமாகிவிட்டார்கள். இப்போது அந்தப் பெட்டியின் மூடிக்குள் நாங்கள் நாலு வரி எழுதி ஒட்டியிருக்கிறோம். தமிழில் நாங்கள் எழுதினோம், எங்களோடு விளையாடும் சிங்கள நண்பன் பக்கத்திலேயே சிங்களத்தில் எழுதினான். ரெண்டும் முட்டினால் என்ன செய்வது என்பதுதான் நாலாவது வரி. காட்டை நடுவில் வைத்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் இருந்து பேசி வசனத்தைத் திருத்த வேண்டும். இதுவரை ஒரு தடவை திருத்தியிருக்கிறோம். பிழை எங்கட தமிழ் வசனத்தில்தான் இருந்தது.