நான்கு விநாடி தாமதம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மானாவாரி வெள்ளாமைக்காரர்கள் ஐப்பசியில் விதையைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். இப்போது செல்போனையும் பார்க்கிறார்கள். அதில் வரும் மேகப்படம், 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் இன்சாட்-3டிஎஸ் போன்ற செயற்கைக்கோள்கள் எடுப்பது. மேகம் மூடியிருந்தாலும் நிலத்தின் ஈரத்தையும் பயிரையும் ராடாரால் பார்க்கும் இஓஎஸ்-04, சுமார் 530 கி.மீ. உயரத்திலேயே சுற்றுகிறது. செயற்கைக்கோள்களும் உடைந்த துண்டுகளும் நெரியும் உயரம் அது.

பொழுது அடைந்து முக்கால் மணி நேரம் கழித்துக் கண்மாய்க் கரையில் நின்று பாருங்கள். சத்தமில்லாமல் ஓர் ஒளிப்புள்ளி நகரும். விமானம் என்றால் விளக்கு சிமிட்டும், இது சிமிட்டாது. செயற்கைக்கோளாக இருக்கலாம், வேலை முடிந்து கைவிடப்பட்ட ராக்கெட் பாகமாகவும் இருக்கலாம். அது போகிற வேகத்துக்கு அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏழு விநாடி தூரம். அந்த வேகத்தில் ஒரு கோலிக்குண்டு அளவு உலோகத்துண்டு மோதினால் செயற்கைக்கோளின் கதை முடிந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் மட்டும் பத்து லட்சத்துக்கும் அதிகம் என்பது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மதிப்பீடு. தாழ்பாதையில் ராடார் விடாமல் பின்தொடர்வது பெரும்பாலும் 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவற்றைத்தான்.

2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே இரிடியம்-33, காஸ்மாஸ்-2251 என்ற இரு செயற்கைக்கோள்கள் மோதி நொறுங்கின. அவற்றின் துண்டுகள் விண்வெளிக் குப்பையாக இன்னும் சுற்றுகின்றன. இப்படிப்பட்ட குப்பையால்தான் 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 நான்கு விநாடி தாமதமாகக் கிளம்பியது. பாதையில் ஏதோ குறுக்கிடக்கூடும் என்று கணக்கு சொன்னது. அதே மாதம் 30ஆம் தேதி பிஎஸ்எல்வி-சி56 ராக்கெட் ஒரு நிமிடம் காத்திருந்தது. இந்தக் கணக்கைப் போடுவதற்காகவே 2022 ஜூலையில் பெங்களூருவில் இஸ்ரோ தனி மையம் திறந்தது.

கணக்கைக் குலைப்பது சூரியன். சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும்போது மேல்வளிமண்டலம் சூடேறி உப்புகிறது. தாழ்வாகச் சுற்றும் பொருள்களைக் காற்று கூடுதலாக உரசிப் பிடித்து இழுக்கிறது. எது எங்கே இருக்கும் என்று நேற்றுப் போட்ட கணக்கு இன்று பொய்த்துவிடும். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் சுமார் 40 இப்படித்தான் கீழே இழுபட்டு எரிந்தன. அதுவும் மிதமான புயல். குப்பையைக் கண்காணிப்பவர் சூரியனையும் கண்காணித்தே ஆக வேண்டும். இது பலருக்கும் பிடிபடாத இடம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சூரியனைக் கண்காணிப்பது நமக்குப் புதிதில்லை. சென்னை மாகாணத்தைப் பஞ்சங்கள் வாட்டிய பிறகு, பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் நோக்கமும் சேர்ந்தே 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவானது. வானம் பார்த்த பூமியின் பசி அந்தத் தொலைநோக்கிக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம்பிடித்துவரும் அந்த ஆய்வகத்தை நடத்துவது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பி, 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று சூரியனைப் பார்க்கும் ஆதித்யா-எல்1இன் முதன்மைக் கருவியைச் செய்து தந்ததும் அதே நிறுவனம்தான்.

கண்காணித்தால் மட்டும் போதாது, குப்பை போடாமலும் இருக்க வேண்டும். 2019 மார்ச் 27 அன்று நம் நாடே ஒரு செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தது. உயரம் குறைவு என்பதால் பெரும்பாலான துண்டுகள் சீக்கிரம் எரிந்தன. சில துண்டுகள் பல மாதங்கள் சுற்றின. அந்தச் சோதனை மறுபடி நடக்கக் கூடாது என்பதே என் கருத்து.

2030க்குள் அரசு, தனியார் என இந்திய விண்பயணங்கள் எதுவும் குப்பையை விட்டுவைக்காது என்று 2024 ஏப்ரலில் இந்தியா உறுதி சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தனியார் ராக்கெட்டுகளும் கிளம்பவிருக்கின்றன. அவற்றில் முதலாவது கிளம்பும் முன், அந்த உறுதிமொழியை எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டமாக நாடாளுமன்றம் ஆக்க வேண்டும்.