மீட்டெடுத்தும் படிக்க முடியாத கோப்புகள்

 

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அதன்பொருட்டு, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் என் கணினியில் விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவினேன். கோப்புகள் யாவும் ‘டி’ பிரிவில் பத்திரமாக உள்ளன என்பது என் எண்ணம். நிறுவி முடித்த பின்னரே நினைவுக்கு வந்தது: முகப்புத்திரையில் நாம் வைக்கும் அனைத்தும் இயங்குதளம் குடியிருக்கும் ‘சி’ பிரிவில்தான் சேர்கின்றன!

நல்லவேளையாக, அப்பிரிவை நான் ஃபார்மெட் செய்யவில்லை. அவ்வாறு செய்யாமல் நிறுவினால், பழைய இயங்குதளமும் பயனர் கோப்புகளும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்னும் கோப்புறைக்குள் நகர்த்தப்படுகின்றன. அதனுள் ‘யூசர்ஸ்’ பகுதியில் என் வினாத்தாள்களும் பயிற்றிகளும் அப்படியே இருந்தன. ஆயினும், அக்கோப்புறை நிலையானதன்று. பொதுவாகப் பத்து நாள்களுக்குப் பின் கணினியே அதனை நீக்கிவிடும். ஆகவே, அன்றிரவே யாவற்றையும் வேறொரு வன்தட்டில் படியெடுத்தேன்.

அந்த அச்சம் என்னை அலமாரியில் கிடந்த மற்றொரு வன்தட்டை நோக்கித் திருப்பியது. எக்ஸ்பி காலத்து வன்தட்டு அது. பள்ளி ஆண்டிதழுக்காக 2004ஆம் ஆண்டில் தோட்டத்து முதியவர்கள் சிலரைச் சந்தித்து நான் எழுதிவைத்த நேர்காணல்கள் அதில் இருந்தன. லயத்து வாழ்க்கை, பால்மரம் சீவிய விடியற்காலை, பலகைக் கொட்டகையில் பள்ளி தொடங்கிய கதை என அவர்கள் சொன்னவற்றுள் ஆண்டிதழில் இடம்பெற்றவை சில பத்திகளே. அம்முதியவர்களுள் எவரும் இன்று நம்மிடையே இல்லை. மீண்டும் சென்று கேட்பதற்கு ஆளுமில்லை. அந்த லயமும் இல்லை.

இணைப்புக் கம்பி வாங்கி வன்தட்டைப் பொருத்தினேன். கோப்புறை தெரிந்தது, திறக்க மறுத்தது. பழைய கணினியின் பயனர் கணக்கிற்குரிய அனுமதியைப் புதிய கணினி அறியாது. கோப்புறையின் பாதுகாப்பு அமைப்பிற்குச் சென்று உரிமையை என் பெயருக்கு மாற்றியதும் திறந்தது. ஆனால், உள்ளே தமிழ் இல்லை! ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை ஒன்றே திரையில் நிறைந்தது.

காரணம் எளியது. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், நம்மில் பலர் வெகுகாலம் திஸ்கி போன்ற எட்டுபிட்டு குறியாக்கங்களிலேயே தட்டச்சு செய்தோம். அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கிலம் சாராத பிற ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருந்தன. உரிய எழுத்துரு இல்லையேல் அவை தமிழாகத் தோன்றா. குறியாக்க மாற்றியின் வழியே ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே, அம்முதியவர்களின் பேச்சு என் திரையில் மீண்டும் எழுந்தது. சிதைந்த சில எழுத்துகளை வரிவரியாகத் திருத்த வேண்டியிருந்தது. எனினும், பேச்சு கிடைத்துவிட்டது.

இதிலிருந்து நான் உணர்ந்ததைக் கூற விழைகிறேன். சேமிப்பது வேறு, பாதுகாப்பது வேறு. நாம் முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்ததாக நம்புகிறோம். இணையச் சேமிப்பு இருக்கிறதே என்பார் சிலர். ஒத்திசைவில் உள்ள கோப்பை ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடங்களிலும் அது அழியும் என்பதையும், பணியிடம் வழங்கிய கணக்கு பணியோடு முடிந்துவிடக்கூடும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோப்பைத் தொலைத்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அந்த வன்தட்டில் எதையும் எழுதாமல் நிறுத்துவதே. சாதாரண வன்தட்டில் அழிக்கப்பட்ட கோப்பு உடனே மறைவதில்லை. நூலகத்தில் பட்டியல் அட்டை கிழிக்கப்பட்ட நூலைப் போல் அது அங்கேயே இருக்கும். அதன்மேல் வேறொன்று எழுதப்பட்டால்தான் மறையும். எஸ்எஸ்டி வகை சேமிப்பகங்களில் இந்த வாய்ப்பு மிகக் குறைவு. ‘டிக், டிக்’ என ஒலியெழுப்பும் வன்தட்டை மீண்டும் மீண்டும் இயக்காமல், வல்லுநரிடம் கொடுப்பதே அறிவுடைமை. பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினியாயின், 48 இலக்க மீட்புத் திறவுகோலை முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

இந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கியது. அதன் இருநூறாம் ஆண்டை 2016இல் பெருமையோடு கொண்டாடினோம். அந்த வரலாற்றின் அண்மைய பக்கங்கள் பெரிய நூலகங்களில் இல்லை. ஆசிரியர்களின் அலமாரிகளில், தூசு படிந்த வன்தட்டுகளில், இன்று திறக்கவியலாத எழுத்துருக்களில் கிடக்கின்றன. ஆண்டிதழ், நாடகப் பிரதி, மாணவர் கட்டுரை என ஒவ்வொரு பள்ளியிலும் ஏதேனும் இருக்கும்.

எனவே, சக ஆசிரியர்களை அன்போடு வேண்டுகிறேன். அடுத்த விடுமுறையில் ஒரு நாளை இதற்காக ஒதுக்குங்கள். பழைய வன்தட்டைத் திறந்து பாருங்கள். தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மூன்று படிகள் எடுத்து, ஒன்றையாவது வேறிடத்தில் வையுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமும் கேளுங்கள். அவர்கள் கொடுக்க ஆயத்தமாகவே இருப்பார்கள். கேட்பார்தாம் இல்லை.

வன்தட்டு நமக்காகக் காத்திருக்காது. இன்றே தொடங்குவோம்.